ரெண்டு மூட்டை சிவப்பு கவரு

இப்படி இந்தப் பக்கமா வந்து உக்காருங்க கண்ணு, அந்தப் பக்கம் சாரல் அடிக்கும். பெஞ்சு ஈரமா இருக்குது, இந்த மூட்டை மேலயே உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, மெத்துனுதான் இருக்கும். அழுக்கெல்லாம் இல்லீங்க, சிப்ஸ் கவருதான்.

உங்க வீட்டுக்காரரு மலைக்குப் போற பாஸ் காட்ட உள்ள போயிருக்காருங்களா? அப்ப சித்த நேரம் ஆகும்ங்க. அந்தக் கம்ப்யூட்டரு சுத்தும் சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். சனிக்கிழமை வேற. செக்போஸ்ட்டுல உங்ககிட்ட என்னத்தைப் புடுங்குனாங்க? ரெண்டு தண்ணி பாட்டிலா? அதுக்கா மொகத்தை இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க? நான் காலையில பத்தரை மணி பஸ்ஸுல வந்தவ. இப்ப மணி என்ன, மூணா? பாத்துக்கோங்க. பஸ்ஸ விட்டு எறக்கி உட்டுட்டாங்க. அதுக்கப்பறம் மூணு பஸ்ஸு என்னைத் தாண்டி மேல போயிருச்சு. மூட்டைய இங்க வெச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்கங்கறாங்க. மூட்டை இல்லாம நான் மேல போயி என்னத்தைங்க பண்ணறது?

கேக்கறவங்க இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு புடிச்சிருச்சும்பாங்க. மலையில கெடக்கற குப்பைய கீழ கொண்டுபோறவங்களைப் பாத்திருப்பீங்க. கீழ காசு குடுத்து வாங்கி மலைக்குக் கொண்டுபோறவ நான் ஒருத்திதான். ஆனா காரணம் இருக்குதுங்க. ஆறு குடும்பம் என்னை நம்பி இருக்குது. எனக்காகன்னா இப்பவே தூக்கி எறிஞ்சுபோட்டுப் போயிருவேன். எனக்கென்னங்க கொறைச்சல்? தம்பி வீட்ல ராணி மாதிரி இருக்கறவ. ஆறு பொம்பளைங்க பொழப்புக்காகத்தான் இப்படி செக்போஸ்ட்டுல தவம் கெடக்கறேன்.

என் பேரு துளசிமணிங்க. மேல தேன்மட்டம். மலர்ச்சி மகளிர் குழுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லீங்களா? போச்சாது போங்க. ஒரு காலத்துல பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, என் போட்டோ போட்டு. நான் ஒரு கையில குப்பைக் கூடையும் ஒரு கையில பையுமா நிக்கறேன். அந்தக் கூடை என்னுதே இல்லை, போட்டோ எடுக்கறவரு பக்கத்துக் கடையில வாங்கிட்டு வந்து குடுத்தாரு. ஆனா பை நான் பண்ணதுங்க.

ஏழு வருசம் முன்னாடி மெட்ராஸ்ல இருந்து அனுராதா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. ஊருக்கு ஊரு பொம்பளைங்களுக்குத் தொழில் சொல்லித் தர்றவங்க. அப்ப எங்கூரு ரோட்டோரம் நீங்க பாத்திருக்கணும். வண்டியில வர்றவனெல்லாம் தின்னுபோட்டு கவர ஜன்னல் வழியா உடுவான். ஓடையில கவரு, டீச்செடியில கவரு, காட்டெருமை வாயில கவரு. மேடம் அதைப் பாத்துட்டு, இதெல்லாம் குப்பையில்லை, இது உங்களுக்குச் சம்பளம்னாங்க. நாங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். பழைய ரேசன் கடை ஷெட்டு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, பஞ்சாயத்துல கேட்டு வாங்கிக் குடுத்துட்டாங்க. பூட்டு ஒண்ணு, சாவி ரெண்டு. ஒரு சாவி பஞ்சாயத்துல, ஒண்ணு எங்கிட்ட. தலைவி நாந்தானே.

வேலை என்னன்னு சொல்றேன் கேளுங்க. கவர ரெண்டு பக்கமும் வெட்டி விரிச்சு, சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, தேய்ச்சு அலசி, கொடியில கிளிப்பு போட்டுக் காய வெக்கணும். எங்கூரு பனியில ஒரு கவரு காய ரெண்டு நாள் ஆகும். அப்பறம் ரெண்டு விரக்கடை அகலத்துக்கு வெட்டி, நாலா மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக் கோத்து பாய் மாதிரி முடையணும். அதைத்தான் பையாத் தைக்கறது. ஒரு பைக்கு நூத்தியிருவது கவரு ஆகும். அதுல சிவப்பு கவருக்குத்தான் மவுசு. வெளிநாட்டுக்காரங்களுக்கு சிவப்புதான் வேணுமாம். மஞ்சளும் பச்சையும் எங்க வேணாலும் கெடைக்கும், சிவப்பு அந்தக் கார சிப்ஸ் ஒண்ணுலதான் வரும். ரோட்டுல நடக்கறப்ப என் கண்ணு கீழதான் இருக்கும். எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல கூட நான் மணமேடையப் பாத்ததை விட மண்டபத்துத் தரையப் பாத்ததுதான் எச்சு.

அப்ப ஏழு பேரு நாங்க. பேசிக்கிட்டே முடைவோம். பேபின்னு ஒருத்தி, எஸ்டேட்டு லைன் வீட்டுல இருந்து வருவா, வாய் மூடவே மாட்டா. ஊர்ல நடக்காததைக் கூட நடந்த மாதிரி சொல்லுவா. மத்தியானம் ஒட்டுக்கா உக்காந்து சாப்புடுவோம். அவ கொண்டாந்த கருவாட்டுக் கொழம்பு எனக்கு, என் தயிரு அவளுக்கு. நான் கொஞ்சம் கறாரு. முடையறப்ப இடுக்கு தெரிஞ்சா பிரிச்சுப்போட்டுத் திரும்பப் போடச் சொல்லுவேன். ஒருக்கா பேபி பண்ண பைய நாலு தடவை பிரிக்க வெச்சேன். அழுதுட்டா. ஆனா அஞ்சாவது தடவை எப்படி வந்துச்சு தெரியுமா? இன்னைக்கு அவ சட்டம் பேசறாளே, அந்த ஒழுங்கெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

ஆமாங்க, அந்தப் பேபிதான். பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு உங்க பாட்டில வாங்கி ட்ரம்முல போட்டாளே, அவதான் என்னையும் எறக்கி உட்டவ.

வீட்டுல யாரு யாருன்னு கேக்கறீங்களா? தம்பி நடராசு, அவன் பொண்டாட்டி சுகன்யா, ரெண்டு பசங்க, நான். எனக்குன்னு யாரும் இல்லீங்க. கட்டுனவன் திருப்பூருல வேற ஒருத்தியோட இருக்கான், அந்தப் பேச்சு எதுக்கு. பதினாலு வருசமா தம்பி வீடுதான். தங்கமான பையன். நாலு ரூமு கட்டி, வர்றவங்களுக்கு வாடகைக்கு உடறான். ஹோம் ஸ்டேங்கறாங்களே, அது. அதுல அத்தனையும் நாந்தான். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்னா நாலு ரூமுக்கும் சுடுதண்ணி, காப்பி, அப்பறம் டிபன். இட்லி, பொங்கல், அவங்க கேட்டா ரொட்டியில முட்டை தடவிக் குடுக்கறது. பெட்ஷீட்டு மாத்தி, பாத்ரூம் கழுவி உட்டுட்டுத்தான் ஒரு வாய் சாப்புடுவேன். சம்பளத்துக்கு ஆள் வெச்சா என்னக்கா, உன்னை மாதிரி வருமாம்பான் தம்பி. என்மேல அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. வர்றவங்ககிட்டயும் இதுதான் எங்கக்கா, இந்த வீட்டுக்கே அவதான் ராணின்னு சொல்லித்தான் காட்டுவான். சமையக்கட்டுக்குப் பக்கத்துலயே ரூமு குடுத்திருக்கான், எந்திரிச்சா நடக்க வேண்டாம் பாருங்க.

பத்து மணியானா நான் கெளம்பிருவேன். கை கழுவி, தலைய வாரி, ஷெட்டு சாவிய எடுத்துட்டுக் கெளம்பிருவேன். அதுக்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேப்பர்ல வந்த குழு இல்லீங்களா. பெரிய பெரிய ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போனது இல்லீங்களா. சுகன்யாவே கெஸ்டுங்ககிட்ட எங்க அண்ணி சுற்றுச்சூழல்ல இருக்காங்கன்னு சொல்லுவா. நாலு மணிக்குத் திரும்பி வருவேன். பத்து டு நாலு. அந்த ஆறு மணி நேரம் அக்கா, அண்ணின்னு கூப்புட்டு ஒரு வேலை சொல்ல யாரும் வர மாட்டாங்க.

அப்பறம்தாங்க சனி புடிச்சுது. ஊரு சுத்தமாயிருச்சு.

சிரிக்காதீங்க கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். நாங்க பொறுக்குன பொறுக்குல ஓடையில ஒரு கவரு இல்லை. சிவப்பு கவரு கண்ணுல காங்கறதே பெரும்பாடா போச்சு. மேடம் முந்நூறு பைக்கு ஆர்டர் எடுத்துட்டாங்க, அத்தனையும் சிவப்பு. நான் என்ன பண்ணுவேன்? ஸ்கூலுக்குப் போனேன். அம்பது சிவப்பு கவரு கொண்டாந்தா ஒரு பென்சில் டப்பான்னு புள்ளைங்ககிட்ட சொன்னேன். பொறுக்கிக் கொண்டாருவாங்கன்னுதான் சொன்னேன், அந்த சாமி சத்தியமா. ஒரே மாசத்துல கவரு வந்து குவிஞ்சுது. ஷெட்டு நெறைஞ்சு போச்சு. புள்ளைங்களுக்குச் சுத்தத்து மேல எவ்வளவு அக்கறைன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

பாத்தா ஒருநா ஹெட்மாஸ்டர் ஷெட்டு வாசல்ல நிக்கறாரு. அவரு பின்னால ஏழெட்டு அம்மாமாரு. புள்ளைங்க சோத்தைத் தொடறதே இல்லையாம். டப்பா வேணும்னு காலையில ரெண்டு பாக்கெட்டு, சாயந்தரம் ரெண்டு பாக்கெட்டு வாங்கித் தின்னுதுங்களாம். ஒரு பையனுக்கு வயித்துப்போக்கு. ஒரு பொண்ணு அப்பன் சட்டைப் பையில காசு எடுத்துட்டாளாம். அதுக்கு நானுங்களா பொறுப்பு? திங்கச் சொல்லி நான் சொன்னனா? ஹெட்மாஸ்டரு கத்தவே இல்லை, அதுதான் ஆங்காரமா வந்துச்சு. மெதுவா, ஏம்மா, குப்பைய கொறைக்கத்தானே உங்களை வெச்சிருக்கு, நீங்க பயிரு பண்றீங்களேன்னு கேட்டுட்டுப் போனாரு. நான் அப்பவும் அந்தக் கவர கழுவி முந்நூறு பையும் முடிச்சுக் குடுத்துட்டேன். கண்ணுல படறதை வீணாக்கக் கூடாதில்லீங்களா.

அந்த வருசம் கிராமசபை. அக்டோபர் ரெண்டாந் தேதி. தேன்மட்டத்தை பிளாஸ்டிக் இல்லாத ஊருன்னு அறிவிக்கப் போறோம், அரசாங்கத்துல விருது குடுக்கறாங்க, மேல கடையில எவனும் கவருல வித்தா அபராதம், கீழ செக்போஸ்ட்டு போட்டு வர்ற வண்டியெல்லாம் சோதனைன்னு பஞ்சாயத்துத் தலைவரு படிச்சாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. என்னையும் முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்தாங்க, விருதுக்கே என் குழுதான் காரணம்னு. எந்திரிச்சேன். தலைவரே, இதைக் கொஞ்சம் மெதுவாப் பண்ணலாமே, ஒரேயடியா நிறுத்தினா எப்படின்னு கேட்டுப்போட்டேன்.

சபையே கொல்லுன்னு சிரிச்சுது. தலைவரு மைக்குலயே சொன்னாரு. “துளசிக்கா, குப்பை இல்லையேன்னு இந்த ஊர்ல வருத்தப்படறது நீங்க ஒருத்திதான்.”

நான் உக்காந்துட்டேன். பேபி எம்பக்கத்துல உக்காந்து சிரிக்காம இருந்தா, அதை மட்டும் மறக்க மாட்டேன். அன்னைக்கே எனக்கு சால்வை வேற போட்டாங்க. போத்திக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். தம்பி, பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் அதை வெச்சு போட்டோ எடுத்தாங்க.

கவரு நின்னு போச்சு. செக்போஸ்ட்டுல புடுங்கற கவரெல்லாம் எங்க போகுதுன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. அதோ அந்த ரூம்ல பூட்டி வெச்சிருக்காங்க, மூட்டை மூட்டையா. அத்தனையும் சிமெண்ட்டு கம்பெனிக்கு எரிக்கப் போகுது. அதை எங்களுக்குக் குடுங்கன்னு நானும் மூணு மனு போட்டேன். ரூல்ல எடமில்லைங்கறாங்க. கண்ணு முன்னாடி இருக்குது, கை வெக்க முடியாது. அதான் மேட்டுப்பாளையத்துல ஒரு பழைய பேப்பர் கடைக்காரருகிட்ட சொல்லி வெச்சு, கெஸ்டு இல்லாத காலையாப் பாத்து மொத பஸ்ஸுல எறங்கிப் போயி, சிவப்பா மட்டும் பிரிச்சு வாங்கிட்டு வர்றேன். இதுக்கு முன்னாடி நாலு தடவை கொண்டுபோயிருக்கேன். மேல நாலு முட்டைக்கோசு வெச்சு மூடி எடுத்துட்டு வருவேன். பேபி மூட்டையத் தொட்டுப் பாத்துட்டு, கோசுங்களாக்கா, போங்கன்னு உட்டுருவா. இன்னைக்கு விருதுக்காரங்க சோதனைக்கு வர்றாங்களாம், மேலதிகாரி இங்கயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. அவளும் என்ன பண்ணுவா. கோசை எடுத்து எங்கையில குடுத்துட்டு மூட்டைய எறக்கிட்டா.

ஆறு பேரும் வந்து ஏன் கேக்கலைங்கறீங்களா? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்ங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, நீங்க யாரோ நான் யாரோ. உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. ஆறு பேரும் போயிட்டாங்க கண்ணு. பேபிக்கு இந்தக் கோட்டு கெடைச்சுது. ரெண்டு பேரு டீ ஃபேக்டரிக்கு, ஒருத்தி மகன்கூட பெங்களூருக்கு, மத்த ரெண்டு பேரு பஞ்சாயத்துலயே தூய்மைப் பணிக்கு. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. போன வருசத்துல இருந்து ஷெட்டுல நான் ஒருத்திதான். எனக்கும் கோட்டு தர்றேன்னாங்க. பேபிக்குக் கீழ நின்னு அவ சொல்ற பைய நான் தொறந்து காட்டணுமா? நான் தலைவிங்க. வேண்டாம்னுட்டேன். இப்ப அந்த எடமும் ஆளு போட்டாச்சு.

ஒருத்தியா உக்காந்து முடைஞ்சா என்ன, ஆர்டர முடிச்சுக் குடுக்கணுமில்லன்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். ஆனா நாலு ரூமு எட்டு ரூமாகுதுங்க. மாடி கட்டிக்கிட்டிருக்கான். அக்கா, இந்த ஆர்டரோட அந்தக் குப்பை வேலைய உட்டுருக்கா, நீ இருக்கற தைரியத்துலதான் நான் கடனை வாங்கி மாடி ஏத்தறேங்கறான். எட்டு ரூமு பெட்ஷீட்டுக்கும் தொவைக்கற மெஷினு போடணுமாம். எங்க போடறது? அந்த ஷெட்டையே வாடகைக்குத் தர்றேன்னு தலைவரு சொல்லிட்டாராம். நீ பழகுன எடம்தானேக்கான்னு சந்தோசமா வந்து சொல்றான். சிரிச்ச மொகமாத்தான் சொல்றான் கண்ணு. அவன் மனசுல துளி வஞ்சகம் இல்லை. திட்டுனான்னா திருப்பித் திட்டலாம்.

அதனால ஒவ்வொரு தடவையும், இப்பத்தான் புது ஆர்டர் வந்திருக்குது தம்பி, இதை மட்டும் முடிச்சுக்கறேம்பேன். சரிக்காம்பான்.

ஆர்டரே இல்லீங்க.

எட்டு மாசமாச்சு. கடைசியா மேடத்துக்குப் போன் பண்ணுனப்ப, துளசி, இப்பெல்லாம் இதைக் கேக்கறதில்லை, எல்லாரும் வாழைநாருக்குப் போயிட்டாங்கன்னாங்க. மலையில வாழை எங்க வெளையுது? கீழ வேற ஒரு ஊர்ல வேற ஏழு பேர வெச்சு ஆரம்பிச்சுட்டாங்களாம். நல்லா இருக்கட்டும். நான் முடைஞ்ச பை நாப்பது ஷெட்டுல ஆணியில தொங்குது. மேல மேல முடைஞ்சுக்கிட்டே இருக்கேன். காலையில பத்து மணிக்கு வீட்டை உட்டு வெளிய வர ஒரு காரணம் வேணுமில்லீங்களா? கையில கவரு இல்லாம ஷெட்டுக்குள்ள சும்மா உக்காந்திருந்தா யாராவது எட்டிப் பாத்தா என்ன சொல்றது? அதுக்குத்தான் இந்த மூட்டை. வேற ஒண்ணுக்கும் இல்லை. ராணியாமா, ராணி. பதினாலு வருசத்துல அந்த வீட்ல நான் ஒரு நாளு கதவைச் சாத்திட்டு மத்தியானம் படுத்ததில்லைங்க. எனக்குப் பயமா இருக்குது கண்ணு. எட்டு ரூமு. சாகற வரைக்கும் எட்டு ரூமு.

இருங்க, பேபி கூப்புடறா. என்னன்னு கேட்டுட்டு வர்றேன்.

கேட்டீங்களா அவ சொன்னதை? இங்க வரைக்கும் கேட்டிருக்குமே, அவளுக்கு மெதுவாப் பேசவே வராது. “அக்கா, காலையில இருந்து பச்சைத் தண்ணி கூட குடிக்காம உக்காந்திருக்கீங்க, எனக்கு மனசு கேக்கலை. ஆபீஸ் போன்ல இருந்து நடராசு அண்ணனுக்குச் சொல்லிட்டேன். ஜீப்பு எடுத்துட்டு வர்றாரு. ஒத்தைப் பொம்பளையா இதைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கறீங்க? இனியாவது வீட்ல போயி நிம்மதியா இருங்க.” கையில டீ வேற குடுத்தா. கண்ணுல தண்ணி அவளுக்கு. நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கா. பாவி, நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கா.

போன் போட்டு முக்கா மணி நேரம் ஆச்சாம். இப்ப எங்கிட்ட சொல்றா.

கண்ணு, இங்க பாருங்க. உங்க வீட்டுக்காரரு வர இன்னும் நேரமாகும், பாருங்க வரிசைய. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பைசா செலவில்லை. எந்தம்பி வந்ததும், நீங்க கோயமுத்தூருல கடை வெச்சிருக்கீங்க, என் பையப் பாக்கத்தான் வந்தீங்கன்னு சொல்லிருங்க. ஆர்டர் குடுத்திருக்கீங்க. இருநூறு பை. இல்லை, இருநூறு வேண்டாம், நம்ப மாட்டான். அம்பது. அம்பது பைன்னு சொல்லுங்க. அம்பதுன்னா ஒருத்தியாப் பண்ண அஞ்சு மாசம் ஆகும். அவசரமில்லை, ஆனா இவங்க கையாலதான் வேணும்னு சொல்லுங்க. அதைக் கட்டாயம் சொல்லுங்க. வேற ஆள வெச்சுக்கன்னு சொல்லிப்போட்டான்னா வம்பு.

பொய் சொல்லச் சொல்றேனேன்னு பாக்காதீங்க. உங்களைப் பாத்தா படிச்சவங்களா இருக்கீங்க, நீங்க சொன்னா எடுபடும். அவன் யாரையும் எதுத்துப் பேச மாட்டான், அதுவும் வெளியூருக்காரங்கன்னா மரியாதையா தலையாட்டுவான். மேடம் சொல்லிட்டாங்களே, என்ன பண்றதும்பான். அஞ்சு மாசம் கெடைக்கும் எனக்கு. அதுக்குள்ள நான் ஏதாவது ரோசனை பண்ணிக்குவேன். வாழைநாரு கூடப் பழகிக்குவேன். நீங்க வாங்கவே வேண்டாம். ஊருக்குப் போயி என்னை மறந்துருங்க.

எந்திரிக்காதீங்க, மூட்டை மேலயே இருங்க. இல்லை, எந்திரிச்சிருங்க, ஆர்டர் குடுக்க வந்தவங்க மூட்டை மேல உக்காந்தா நல்லாருக்காது. சேலைய இழுத்து உட்டுக்கோங்க. உங்க பேரு என்னங்க? அய்யோ, இத்தனை நேரம் பேசி பேரு கேக்கலையே நான். சீக்கிரம் சொல்லுங்க, அந்த வளைவுல திரும்புது பாருங்க, அது நம்ம ஜீப்புதான். பிரபாவதியா? சரி. பிரபாவதி மேடம். கோயமுத்தூரு.

கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க கண்ணு.

வா தம்பி, வா. ஒண்ணுமில்லை, பேபி கெடக்கறா, எதுக்கோ பதறி உனக்குப் போன் போட்டிருக்கா. நான் இவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இவங்கதான் கோயமுத்தூரு பிரபாவதி மேடம். நம்ம பையக் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. அட, மொதல்ல கும்புடு தம்பி.

சொல்லுங்க மேடம். எத்தனை பை வேணும்னு சொன்னீங்க?